பாய்லர் அறையிலிருந்து பட்டம் வரை: தோட்டத்துப் பிள்ளைகளின் இயந்திரப் படிப்புக் கணக்கு

நெகிரி செம்பிலானில் பால்மரத் தோட்டங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் இரண்டு வகை இயந்திர அறிவு இருந்தது. ஒன்று துரையின் ஆபீஸ் அலமாரியில், கப்பலில் வந்த வரைபடங்களாகவும் கையேடுகளாகவும் இருந்தது. மற்றொன்று ரப்பர் ஸ்டோரில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு தமிழரின் காதில் இருந்தது. இஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தத் தாங்கி தேய்ந்திருக்கிறது, எந்த வார் தளர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். காலையில் வெட்டிய பால் நண்பகலுக்குள் ஸ்டோருக்கு வந்து, நிறுத்து, வடிகட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைக்கப்பட்டு, பின்னர் உருளைகளில் தகடாகி, புகைக்கூட்டில் தொங்கும். அந்த ஒழுங்கு ஒரு நாள் நின்றாலும் தோட்டத்துக்கு நட்டம். நட்டம் வராமல் காத்தவர் அந்தத் தமிழர். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது தொழிலாளர் வரிசையில்.

லின்சம், லாபு, சிலியாவ், சுவா பெத்தோங், பிராட்வெல், கொம்போக், ஜெராம் பாடாங், கெடிஸ் என்று எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாலும், அங்கே வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு "இஞ்சின் டிரைவர்" அல்லது "ஃபிட்டர்" நினைவுக்கு வருவார். ஊரில் பாதி சைக்கிளைப் பழுது பார்த்தவரும் அவர்தான், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டரை ஓட வைத்தவரும் அவர்தான். அவருக்கு இருந்தது தொழில். இல்லாதது தாள். அந்தத் தாளைப் பிள்ளைக்காவது வாங்கித் தர வேண்டும் என்ற ஆசைதான் இன்றைய இயந்திரப் பொறியியல் டிப்ளோமா, தொழில்நுட்பப் பட்டம், பொறியியல் பட்டம் என்ற வரிசையின் தொடக்கம். அந்தத் தாளுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விலை இருந்தது. கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் கேட்ட தாள்

இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது புதிய பேச்சல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் இயந்திரச் சட்டம் 1913இல் இயற்றப்பட்டு 1914இல் நடைமுறைக்கு வந்தது. நெகிரி செம்பிலானும் அந்தக் கூட்டு மாநிலங்களில் ஒன்று. பின்னர் 1953இல் இயந்திரச் சட்டமும், 1967இல் தொழிற்சாலை, இயந்திரச் சட்டமும் வந்தன. 1967ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதி வரை நீடித்தது. இத்தனை சட்டத்துக்கும் அடியில் இருந்த கருத்து எளிமையானது. பாய்லர் வெடித்தால் ஆள் சாவார். எனவே அதற்குப் பொறுப்பானவர் தகுதியை மெய்ப்பித்தவராக இருக்க வேண்டும்.

நியாயமான சட்டம்தான். ஆனால் தகுதியை மெய்ப்பிக்கும் இடம் தோட்டத்துக்கு வெளியே இருந்தது. கோலாலம்பூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பிறகு தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1970களில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. இந்த வாசல்களில் நுழைய ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசுகளிலும் இடம் பிடித்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் கல்வி 1894இல் தொடங்கிவிட்டது. மலாக்காவில் டான் சே யான் பால்மரத்தை வாணிபப் பயிராக நட்டது 1896இல். அதாவது, மலாயாவில் ரப்பர் யுகம் பிறப்பதற்கு முன்பே தமிழகத்தில் இயந்திரப் பொறியாளரை உருவாக்கும் வாசல் திறந்திருந்தது. அதே கடற்கரையிலிருந்து கப்பல் ஏறியவர்களுக்கு மட்டும் அந்த வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

செம்பனை வந்தது, நீராவி வந்தது

1960களிலிருந்து பால்மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. அதோடு இயந்திர வேலையின் தன்மையே மாறியது. ரப்பர் ஸ்டோரை ஒரு நல்ல ஃபிட்டர் சமாளிக்கலாம். செம்பனை ஆலை அப்படியல்ல. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். வந்த குலையை நீராவியில் அவிக்க வேண்டும். பிறகு பழத்தை உதிர்த்து, மசித்து, பிழிந்து, தெளிய வைக்க வேண்டும். பிழிந்த சக்கையும் ஓடும் பாய்லருக்கு விறகாகும். பாய்லரின் நீராவி டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரம் தரும். நூறு டன் குலை போட்டால் ஏறக்குறைய இருபது டன் எண்ணெய். இந்த முழு ஓட்டத்துக்கும் நடுவில் இருப்பது பாய்லர்.

அந்தப் பாய்லருக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர் நீராவிப் பொறியாளர். அவருக்குக் கீழே தரம் பிரித்த பாய்லர் ஓட்டுநர்கள். இவர்களுக்கான சான்றிதழைப் பல்கலைக்கழகம் தருவதில்லை. அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்புத் துறை தேர்வு வைத்துத் தருகிறது. பட்டமோ டிப்ளோமாவோ கையில் இருந்தாலும், பாய்லர் அறையில் வியர்வை சிந்திய காலமும் வேண்டும், துறையின் தேர்விலும் தேற வேண்டும். கல்லூரிப் பட்டத்தின் மதிப்பை எடை போடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் பட்டம் ஒரு கதவைத் திறக்கும். உள்ளே இருக்கும் அடுத்த கதவுக்கு வேறு சாவி.

அதே காலத்தில் தோட்டத்துக்கு வெளியேயும் புகைபோக்கிகள் எழுந்தன. போர்ட்டிக்சனில் 1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. எஸ்ஸோ ஆலை 2012இல் பெட்ரோன் கைக்கும், ஷெல் ஆலை 2016இல் ஹெங்யுவான் கைக்கும் போயின. சிரம்பானை ஒட்டிய செனவாங்கிலும், பிறகு நீலாயிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. 1998இல் எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. சுவா பெத்தோங் தோட்டத்திலிருந்தோ லாபுவிலிருந்தோ பார்த்தால், வேலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கைக்கு எட்டவில்லை. நடுவில் நின்றது படிப்பு.

இருநூறு வெள்ளி வாசல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் பள்ளியைவிட்டு நழுவிய பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. நழுவாமல் எஸ்.பி.எம். வரை வந்தவர்களில் கணிதத்திலும் அறிவியலிலும் தேறியவர்களுக்கே தொழில்நுட்பப் படிப்பு. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வகுப்பு நடத்தியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. கல்லூரிக் கட்டணம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கட்ட வேண்டிய முதல் கட்டணம் அந்தக் கணிதத் தேர்ச்சிதான்.

1984இல் ம.இ.கா. எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பை ஏற்படுத்தியது. அதன் வழியே சிரம்பானில் டேஃப் கல்லூரி வந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத இந்திய இளைஞர்கள் பொறியியல் டிப்ளோமா படிக்க ஒரு வாசல் அது. தோட்டத்துப் பெற்றோருக்கு அந்தக் கல்லூரியின் பெயர் ஒரு நம்பிக்கையாக இருந்ததை மறுப்பதற்கில்லை. இன்னொரு பக்கம் அரசாங்கம் 1990இல் போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கை நிறுவியது. நாட்டின் முதல் பாலிடெக்னிக் 1969இல் ஈப்போவில் வந்த உங்கு ஓமார். இருபது ஆண்டு கழித்து அந்த வாய்ப்பு நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வாசலுக்கே வந்தது.

பாலிடெக்னிக்கின் பருவக் கட்டணம் 200 வெள்ளி. மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு ஆறு பருவம். ஆக 1,200 வெள்ளி. 2000களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் மாதச் சம்பளம் பற்றிய பேச்சு 350 வெள்ளியைச் சுற்றியே நடந்தது. அந்தச் சம்பளத்தில் இந்த 1,200 வெள்ளி நான்கு மாத உழைப்புக்கும் குறைவு. பொறியியல் படிப்புக்கு இதைவிட மலிவான விலையைக் காண்பது அரிது.

ஆனால் கட்டணம் மட்டும் செலவாகாது. கையேடு, வரைபடக் கருவி, பாதுகாப்புக் காலணி, கணினி, பஸ் காசு, விடுதிச் சாப்பாடு எல்லாம் உண்டு. அதற்கும் மேலே, யாரும் ரசீது தராத ஒரு செலவு இருந்தது. எஸ்.பி.எம். முடித்த பையன் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து மாதம் 600 வெள்ளி வாங்கியிருப்பான் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், மூன்றாண்டில் 21,600 வெள்ளி. பாலிடெக்னிக்குக்குப் போனால் அந்தப் பணம் வீட்டுக்கு வராது. கட்டணம் 1,200, இழந்த சம்பளம் 21,600. தோட்டத்தில் பல அப்பாக்கள் "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்று சொன்னதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. எழுதாமல் போட்ட இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்தக் கணக்கை மீறி "நான் ஓவர்டைம் போகிறேன், நீ படி" என்று சொன்ன அம்மாக்களை எந்தக் கல்லூரியின் பட்டமளிப்பு மேடையும் அழைத்ததில்லை.

கடன் வந்த கதை

1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டே பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்வி நிதி அமைக்கப்பட்டது. அதே 1997இல் ஆசிய நாணய நெருக்கடி. வெளிநாட்டில் படிப்பது பெருஞ்செலவாகிவிட, வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டிலேயே முடிக்கும் ஏற்பாடுகள் பெருகின. நீலாயிலேயே கல்லூரிகள் எழுந்தன. அந்தச் சிறு ரயில் நிலையம் மாணவர் பட்டணம் ஆயிற்று. வார இறுதி நாளிதழ்களைப் பிரித்தால் பொறியியல் படிப்பு விளம்பரங்கள். கடன் ஏற்பாடும் உண்டு என்றால் தோட்டத்துக் குடும்பம் மயங்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் போனது பெருங்குறை. கேட்க வேண்டிய கேள்வி "கடன் கிடைக்குமா?" என்பதல்ல, "கடன் எப்படி அடையும்?" என்பது. ஒரு மாணவர் 40,000 வெள்ளி பி.டி.பி.டி.என். கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தில் 15 ஆண்டு அடைத்தால், 6,000 வெள்ளி சேர்ந்து மொத்தம் 46,000. மாதம் 255 வெள்ளிக்கு மேல். அப்பா வாங்கிய 350 வெள்ளிச் சம்பளத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை மகன் 15 ஆண்டுக்கு மாதாமாதம் கட்டுகிறார். முன்பு சேவைக் கட்டணம் இதைவிட அதிகம். கடனைக் கட்டாதவர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்த காலமும் உண்டு. அந்தத் தடை 2018இல் நீக்கப்பட்டது. பக்கத்திலேயே சிங்கப்பூர் இருந்தும் கடன் பாக்கி உள்ளவருக்கு அது எட்டாத தூரமாக இருந்தது.

ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாமே என்று சொல்வார்கள். எடுக்கலாம். எவ்வளவு இருக்கும்? அந்தக் காலத்து 350 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளர் 11 விழுக்காடு, முதலாளி 12 விழுக்காடு கட்டினார்கள். மாதம் 80 வெள்ளி 50 காசு. பத்தாண்டில் 9,660. அதில் இரண்டாம் கணக்கின் பங்கு அப்போது 30 விழுக்காடாக இருந்தது. லாப ஈவைச் சேர்க்காமல் 2,898 வெள்ளி. பத்தாண்டு மரம் வெட்டிய ஒருவரின் இரண்டாம் கணக்கு, பாலிடெக்னிக்கில் பதினான்கு பருவத்துக்குப் போதும். தனியார் பொறியியல் பட்டத்துக்கோ அது பதிவுக் கட்டணத்தையும் தொடக்கச் செலவையும் தாண்டாது. ஒரே சேமிப்பு ஒரு வாசலில் பெரும்பணம், மறு வாசலில் சில்லறை.

இன்னொரு பணமும் தோட்டத்தில் வந்தது. வேண்டாத நேரத்தில் வந்த பணம் அது. 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்ததிலிருந்து, தோட்ட நிலத்தின் வரலாறு வேகமெடுத்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. இடையில் சிரம்பானைச் சுற்றித் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பால்மரம் நின்ற மண்ணில் சிரம்பான் டுவா எழுந்தது. லாபுவில் மலிவுக் கட்டண விமான நிலையம் வருகிறது என்ற செய்தி வந்து, 2009 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தோட்டம் மூடினால் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. இருபதாண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். 350 வெள்ளிக் கணக்கில் அது ஐயாயிரத்தைச் சுற்றி நிற்கும்.

அந்த ஐயாயிரம் எங்கே போக வேண்டும்? லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதே மாதம் பிள்ளைக்குக் கல்லூரிப் பதிவு. வீடா, படிப்பா என்று ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் அல்ல, மூட்டை கட்டிக்கொண்டே முடிவெடுத்தது. படிப்பின் விலையைத் தோட்டத்து மக்களிடம் பேசும்போது இந்தக் காட்சியை விட்டுவிட்டுப் பேசினால் அது கணக்கே அல்ல.

ஒரே பெயர் போல இரண்டு பட்டம்

இனி விலையை விட்டு மதிப்புக்கு வரலாம். "இயந்திரப் பொறியியல்" என்று ஒரு பட்டம். "இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம்" என்று இன்னொரு பட்டம். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு சொல் கூடுதல், அவ்வளவே. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பொறியியல் படிப்பை இன்னும் அறிவியல் சார்ந்ததாக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1955இல் வெளிவந்த கிரிண்டர் அறிக்கை அதற்கு வழி வகுத்தது. கல்லூரிகளில் பட்டறை நேரம் குறைந்தது, கணிதம் கூடியது. வடிவமைக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. அந்த இடைவெளியை நிரப்ப வளர்ந்ததுதான் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். இயந்திரத்தைத் தாளில் வடிவமைப்பது ஒருவர் வேலை. அதை ஆலையில் நிறுவி, ஓட்டி, சோதித்து, பழுது வராமல் காப்பது மற்றவர் வேலை. இரண்டும் மூளை வேலைதான்.

உலகம் இரண்டையும் தனித்தனி உடன்படிக்கைகளில் வைத்திருக்கிறது. பொறியியல் பட்டத்துக்கு வாஷிங்டன் உடன்படிக்கை, தொழில்நுட்பப் பட்டத்துக்குச் சிட்னி உடன்படிக்கை, டிப்ளோமாவுக்கு டப்ளின் உடன்படிக்கை. மலேசியா 2009இல் வாஷிங்டனிலும், 2018இல் மற்ற இரண்டிலும் முழு உறுப்பினரானது. உள்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியலாளர் வாரியம் பதிவு செய்பவரே "இர்." என்று பெயருக்கு முன் போடலாம். அதற்கு முதற்படி, வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம். தொழில்நுட்பப் பட்டதாரிக்கு நெடுங்காலம் இப்படியொரு அடைமொழி இல்லை. 2015இல் வந்த தொழில்நுட்பவியலாளர் சட்டம் தனி வாரியம் ஒன்றை அமைத்து, "டி.எஸ்." என்ற தகுதியைத் தந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பே 2000இல் மலாக்காவில் தொடங்கப்பட்டு, 2007இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்ற கல்வி நிலையம், தம்பினிலிருந்தும் கெமெஞ்சேயிலிருந்தும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே இரண்டு வகைப் பட்டமும் உண்டு. பத்து பகாட், பெர்லிஸ், பகாங் ஆகிய இடங்களிலும் இதே நோக்கமுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

தொழில்நுட்பப் பட்டம் என்றால் ஏதோ இரண்டாந்தரம் என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் பரவலாக உண்டு. கல்யாணப் பத்திரிகையில் "இஞ்சினியர்" என்று போட முடியுமா என்பது வரை அது போகிறது. இது தவறான அளவுகோல். செம்பனை ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, விமானப் பராமரிப்பு, உணவுத் தொழிற்சாலை என்று இந்த வட்டாரத்தில் உள்ள வேலைகளில் பெரும்பகுதி ஓட்டுவதும் பராமரிப்பதும்தான். தாத்தா காதால் செய்ததைப் பேரன் அளவுகோல் கொண்டு செய்கிறான். அதற்கென்றே உள்ள படிப்பு இந்தத் தொழில்நுட்பப் பட்டம். ஆனால் அரசாங்கத்திடம் ஒப்புதலுக்குப் போகும் வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை இந்தப் பாதையில் போய்விட்டு, நான்காண்டு கழித்து "இர்." ஆக முடியாது என்று அறிந்து திகைப்பது கொடுமை. பட்டம் மோசமானது என்பதல்ல இதற்குப் பொருள். பதிவு செய்த நாளில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

எனவே விலையையும் மதிப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மிகவும் கட்டுப்படியாகும் பாதை ஒன்று தெளிவாகவே தெரிகிறது. முதலில் தொழிற்கல்லூரியோ பாலிடெக்னிக்கோ; டிப்ளோமா கையில் வந்ததும் ஓரிரு ஆண்டு வேலை; பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம். டிப்ளோமாவில் படித்த பாடங்களுக்குக் கழிவு கிடைத்தால் காலமும் குறையும். நடுவில் ஏதாவது இடர் வந்து படிப்பு நின்றாலும், கையில் ஒரு முழுத் தாள் இருக்கும். நேராகத் தனியார் பட்டத்தில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் பணம் தீர்ந்து நின்றவருக்கு என்ன மிஞ்சும்? அரைப் பட்டத்துக்கு எந்த ஆலையிலும் சம்பளம் இல்லை. முழுக் கடன் மட்டும் உண்டு. வசதியுள்ள குடும்பம், உபகாரச் சம்பளம் கிடைத்த பிள்ளை, அங்கீகாரம் பெற்ற நல்ல தனியார் பல்கலைக்கழகம் என்றால் அது வேறு கதை. அவர்களுக்கு நேர்வழியே சிறந்ததாக இருக்கலாம்.

தமிழகமும் இதில் ஒரு பாடம் காட்டுகிறது. அங்கே 1984ஆம் ஆண்டு வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரப்பட்டது. பின்னர் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. என்றும் மவுசு குறையாத படிப்பு என்று பெயர் பெற்ற மெக்கானிக்கலிலேயே இடங்கள் காலியாகக் கிடந்த ஆண்டுகள் வந்தன. நிலத்தை விற்றுப் படிக்க வைத்தவர்கள் பட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொறியியல் பட்டம் என்ற பெயருக்கு மட்டும் விலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இன்றைய தோட்டம் வேறு. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளியாக அறிமுகமாகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் ரந்தாவ், செனவாங், லுக்குட், பகாவ் வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றன. சேமநிதியும் 2024 மே மாதம் மூன்று கணக்காகப் பிரிந்துவிட்டது. ஆனால் குலையை அவிக்க இன்னும் நீராவிதான் வேண்டும். பாய்லர் அறைக்குச் சான்றிதழ் உள்ள ஆள் இன்னும் வேண்டும். பாலிடெக்னிக்கின் இருநூறு வெள்ளி வாசலும் போர்ட்டிக்சனில் இருக்கிறது. லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கும் அதே ரந்தாவில் டத்தோ லேலா மகாராஜா தொழிற்கல்லூரியும் இருக்கிறது.

எஸ்.பி.எம். முடிவு வரும் வாரத்தில் கல்லூரிக் கண்காட்சிக்குப் போகும் பெற்றோர், பளபளக்கும் கையேட்டை வாங்குவதோடு நின்றுவிடாமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். இந்தப் படிப்பை அங்கீகரித்தது பொறியியலாளர் வாரியமா, தொழில்நுட்பவியலாளர் வாரியமா? எந்த ஆண்டுச் சேர்க்கை வரை அந்த அங்கீகாரம் செல்லும்? கடைசிப் பருவம் வரை மொத்தம் எத்தனை வெள்ளி? நடுவில் நிறுத்தினால் கையில் என்ன தாள் கிடைக்கும்? வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறை? பதில் சொல்லத் தயங்கும் மேசையைக் கடந்து அடுத்த மேசைக்குப் போக காசு எதுவும் செலவாகாது.